கம்பம் கேட்டவர்

"இந்தக் கம்பத்தைக் கேட்ட புண்ணியவான் யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்றபடி அலெய்டா கதவைத் திறந்தபோது, ஹார்மென் அந்த அம்மாளின் சூப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார்.

"எந்தக் கம்பம்?" என்றார் ஹார்மென். பாத்திரத்தின் மூடி கடகடத்தது.

"விளக்குக் கம்பத்துல நோட்டீஸ் கட்டியிருக்கு பாரு. என் ஜன்னலுக்கு நேரா, ரெண்டு கார் நிக்கிற இடத்தை எடுத்துட்டு, மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏத்தற கம்பம் நடப் போறாங்களாம். நகராட்சி அதுவா நினைச்சுக்கிட்டு நடாது. இந்தத் தெருவுல யாரோ எழுதிக் கேட்டிருக்காங்க."

ஹார்மென் திரும்பி விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். நோட்டீஸைப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எழுதிக் கேட்டது அவர்தான்.

வேண்டுமென்று செய்ததல்ல. பசுமைக்குடில்களுக்குத் திரை விற்கும் நிறுவனம் ஒன்றில் அவர் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போக ஆபீஸ் ஒரு லீஸ் கார் கொடுத்திருந்தது. குத்தகைக் காலம் முடிந்து புதுக் கார் வாங்கும் நேரத்தில், இனி எல்லோருக்கும் மின்சாரக் கார்தான் என்று சொல்லி ஒரு படிவத்தை அனுப்பினார்கள். வீட்டில் கார் நிறுத்தச் சொந்த இடம் உண்டா? இல்லை என்று ஒரு குறி. அப்படியானால் வீட்டருகே பொதுக் கம்பம் கேட்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாமா? அதற்கும் ஒரு குறி. வீட்டில் படிவம் நிரப்புவது எப்போதும் மனைவி ஹன்னியின் வேலை. ஹன்னி இறந்து பதினான்கு மாதமாகியிருந்தது. அவளாக இருந்தால் அந்த இரண்டாவது குறியைப் போடுமுன் ஜன்னல் வழியாக ஒருமுறை தெருவைப் பார்த்திருப்பாள்.

மெரெல் தெருவில் இருபது வீடுகள், கார் நிறுத்தப் பதினேழு இடங்கள். இங்கே பிள்ளைகளின் படிப்பைவிட, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த இடம் காலி என்பதுதான் பெரிய பேச்சு. அந்தப் பதினேழில் இரண்டைப் பறிப்பவனை யாரும் திட்ட மாட்டார்கள். வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஹார்மெனுக்கு அதுதான் பயம். ஹன்னி போனபின் வந்த குளிர்காலத்தில் அவரை எழுப்பி உட்கார வைத்தது இந்தத் தெரு. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அலெய்டாவின் பட்டாணி சூப், கரண்டி நட்டால் சாயாமல் நிற்கும் பதத்தில். வியாழக்கிழமை எதிர்வீட்டு ராம்தின் கொண்டுவரும் ரொட்டியும் கோழிக் குழம்பும். சூரிநாம் நாட்டில் தன் அம்மா செய்தது போலவே இருப்பதாக ராம்தின் ஒவ்வொரு முறையும் சொல்வார். சனிக்கிழமை பதினைந்தாம் எண் ரீனஸ் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துவிட்டுப் போவார். இதெல்லாம் இன்றுவரை நிற்கவில்லை.

"யாராவது வெளியாளா இருக்கும்" என்றார் ஹார்மென்.

"வெளியாளுக்கு என் ஜன்னல் மேல என்ன ஆசை?"

"புதுசா குடிவரப் போறவங்க யாராவது..."

"யாரா வேணா இருக்கட்டும். நீ உள்ள வா. நீதான் எழுதணும்."

"என்னத்தை?"

"ஆட்சேபணையை. ஹன்னியோட இரங்கல் அட்டையில நீ எழுதின நாலு வரியைப் படிச்சுட்டு மீன்கடைக்காரன் கடையைச் சாத்திட்டு அழுதான். அந்தக் கையால எழுது, பக்கத்து வீட்டுக்காரரே. ஒரு பய கம்பம் நட முடியாது."

மறுநாள் மாலை அலெய்டாவின் கூடத்தில் நால்வரும் கூடினார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். பிறகு டப்பா மூடப்பட்டது. அலெய்டா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்களின் குழுத் தலைவி. ராம்தின் காப்பீட்டு நிறுவனத்துக்காக வெள்ளத்தில் நனைந்த வீடுகளை மதிப்பிடுபவர். ரீனஸ் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மூவருக்கும் தெருவின் மேல் இருந்த அக்கறையைப் பார்த்தபோது ஹார்மென் காபியைக் குடிக்காமல் தள்ளி வைத்தார்.

தன்மேல் சந்தேகம் வராமலிருக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "கேட்டது யாருன்னு நகராட்சியையே கேட்டுட்டா என்ன?" என்றார்.

"வேண்டாம்" என்றார்கள் மூவரும், ஒரே சமயத்தில்.

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க ஹார்மென். சட்டம் இருக்கு" என்றார் ராம்தின்.

"தெரிஞ்சாலும் என்ன பண்றது?" என்றார் ரீனஸ். "நாளைக்கு அந்த ஆள் முகத்துலதானே முழிக்கணும். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ."

அலெய்டா டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் இரண்டாவது பிஸ்கட் கொடுத்தார். அந்த வீட்டில் அப்படி நடந்ததாக ஹார்மெனுக்கு நினைவில்லை. இவ்வளவு பெரிய மனசுக்காரர்களா என்று நினைத்தார். 

ஆட்சேபணையை எவ்வளவு மோசமாக முடியுமோ அவ்வளவு மோசமாக எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு அலெய்டாவின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். நகராட்சி படித்ததும் கிழித்துப் போட வேண்டும். தெருவில் இடமில்லை என்று ஒரு வரி எழுதினார். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று ஜன்னல் வழியே பார்த்தார். நேர் எதிரே அந்த இரண்டு இடங்களும் காலியாக, மழையில் பளபளத்துக்கொண்டிருந்தன. கை தானாக எழுதியது: 'சென்ற ஆண்டு ஆகஸ்டில் என் மனைவியை அழைத்துப்போக வந்த ஆம்புலன்ஸ் இங்கேதான் நின்றது. அன்று இந்த இடம் காலியாக இருந்ததால், அவளை மழையில் அதிக தூரம் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை.'

எழுதியதைப் படித்தபோது காது மடல் சூடாகியது. தான் கேட்ட கம்பத்தைத் தடுக்கத் தன் மனைவியையே கூட்டிவந்திருக்கிறோம் என்று தெரிந்தது. அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அலெய்டா வந்து, தோளுக்கு மேலாகப் படித்து, தாளை உருவிக்கொண்டு போய்விட்டார்.

ரீனஸ் மூக்கைச் சிந்தினார். ராம்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூவரும் நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணைக்கு மூன்று வாரத்தில் நாள் குறித்துக் கடிதம் வந்தது. எழுதியவரே வந்து பேச வேண்டுமாம்.

அதற்குள் கார் வந்துவிட்டது.

வெள்ளி நிறம், சத்தமே இல்லை. அதைத் தெருவுக்குள் கொண்டுவந்தால் கதை முடிந்தது. ஹார்மென் அதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செடி விற்கும் பெரிய கடையின் வாசலில் இருந்த கம்பத்தில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். காலையில் நடந்தே போய் எடுத்தார். கார் எங்கே என்று கேட்டவர்களிடம் ஒர்க்ஷாப்பில் என்றார்.

நான்காம் நாள், அந்தக் கடை வாசலில், கேபிளைச் சுருட்டிக் கோட்டுக்குள் மறைக்கும் வேளையில், எதிரே ரீனஸ் நின்றிருந்தார். கையில் ஒரு மூட்டை தோட்டமண்.

"பூச்செடி வாங்க வந்தேன்" என்றார் ஹார்மென்.

"நான் மண் வாங்க வந்தேன்" என்றார் ரீனஸ்.

நவம்பர் மாதம். இரண்டு பேர் வீட்டிலும் தோட்டம் இல்லை. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு வேறு வேறு பக்கம் பிரிந்தார்கள். ஹார்மென் மனசாட்சிக்குப் பயந்து உள்ளே போய் ஒரு பூந்தொட்டியை வாங்கினார். அதற்குப் பிறகு ரீனஸை அங்கே மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் மண் மூட்டை. இந்த மனுஷனுக்கும் ஏதோ துக்கம் இருக்கிறது, கேட்கக் கூடாது என்று முடிவு செய்தார். அதற்குள் ஹார்மெனின் ஜன்னலோரத்தில் நான்கு பூந்தொட்டிகள் சேர்ந்துவிட்டன.

ஒரு மாலை, சொட்டச் சொட்ட நனைந்து வந்தவரை ராம்தின் தெருமுனையில் பிடித்தார்.

"இந்த மழையில எங்க போயிட்டு வர்றீங்க?"

"நடக்கப் போனேன். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார்."

சொல்லும்போது நல்ல பொய்யாகத்தான் இருந்தது. மறுநாள் ஐந்தரை மணிக்கு, காரை மாட்டிவிட்டு வந்து இன்னும் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாதபோது, வாசலில் ராம்தினும் அலெய்டாவும் மழைக்கோட்டோடு நின்றார்கள்.

"உன்னைத் தனியா நடக்க விட்டுட்டு நாங்க சோபாவுல உட்கார்ந்திருப்போமா?" என்றார் அலெய்டா. "கிளம்பு. கால்வாய்க் கரையோட காத்தாலை வரைக்கும்."

அன்றிலிருந்து ஹார்மென் தினமும் நான்கு கிலோமீட்டர் திருட்டுத்தனமாகவும் ஆறு கிலோமீட்டர் பகிரங்கமாகவும் நடந்தார். முழங்கால் வீங்கியது.

மூன்றாம் நாள், கால்வாய்க் கரையில், அவர் கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. அலெய்டாவுக்குத் தூரப் பார்வை நன்றாகத் தெரியும்.

"'நிரம்பிவிட்டது. மற்றவர்களுக்கு இடம் விடுங்கள்.' என்னது இது?"

ஹார்மென் கால்வாயைப் பார்த்தார். ஒரு நாரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதனிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை.

"சாப்பாட்டுக்கு. டாக்டர்தான் போன்ல போட்டுக் கொடுத்தார். வயிறு நிரம்பினா சொல்லும்."

"மற்றவர்களுக்கு இடம் விடணுமாமே?"

"மேசையிலிருந்து எழுந்துடணும்னு அர்த்தம்."

அதே சமயம் ராம்தினின் கோட்டுப் பையிலும் எதுவோ முனகியது. ராம்தின் பலமாக இருமினார். "ஆமா அலெய்டா, இப்ப அது நிறைய பேர்கிட்ட இருக்கு. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். பொய்யனுக்குக் கைகொடுக்கும் அந்த நல்ல மனசை நினைத்து ஹார்மெனுக்குக் கண் கலங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டாணி சூப் வரவில்லை. மூடி போட்ட கிண்ணத்தில் வேகவைத்த காலிஃப்ளவர் வந்தது, உப்பில்லாமல். மேலே ஒரு சீட்டு: 'டாக்டர் சொல்றதைக் கேள். உன்னையும் இழக்க எங்களால் முடியாது.' வியாழக்கிழமை ராம்தின் பாதி ரொட்டி கொண்டுவந்தார். குழம்பு இல்லை.

ஹார்மென் அந்தச் சீட்டை மேசையில் வைத்துக்கொண்டு காலிஃப்ளவரை முழுவதும் தின்றார். தண்டனை என்று நினைத்துத் தின்றார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. அந்த மாதம் முழுவதும் மெரெல் தெருவில் கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடந்தது. ரீனஸின் வேன் பெரிய பழுதாம். ராம்தின் இப்போது ரயிலில் போகிறாராம். அலெய்டாவின் சின்ன வெள்ளைக் காரைக்கூடக் காணோம். தங்கை மகள் இரவல் வாங்கியிருப்பதாகச் சொன்னார். இடமே இல்லை என்று நகராட்சிக்கு எழுதிவிட்டோமே, இந்த நேரம் பார்த்தா இப்படி என்று ஹார்மென் கவலைப்பட்டார்.

கவலை வீண் போகவில்லை.

விசாரணை நாளன்று நகராட்சிக் கட்டடத்தின் முதல் மாடியில், நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிரே நரைத்த கூந்தலுள்ள தலைவி, அவர் பக்கத்தில் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி. கதவருகே சின்ன மேசையில் ஓர் இளம்பெண், பெயர்களைச் சரிபார்த்து, காபி கொடுத்து, "முடிஞ்சதும் என்னைப் பார்க்காமப் போயிடாதீங்க, கடிதம் தரணும்" என்று சொல்லி வைத்தாள்.

தலைவி ஆட்சேபணையை உரக்கப் படித்தார். ஆம்புலன்ஸ் வரி வந்தபோது குரலைத் தாழ்த்தினார். ஹார்மென் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இடமில்லைன்னு எழுதியிருந்ததால மூணு நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஆள் அனுப்பிப் பார்த்தோம். மூணு நாளும் நாலஞ்சு இடம் காலியாத்தான் இருந்துச்சு."

"அப்படியா?" தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இருபது வீடு இருக்கு. உங்க கார் எல்லாம் எங்கே?"

 ரீனஸ் காலணியின் கயிற்றைப் பார்த்தார். ராம்தின் கூரையைப் பார்த்தார். அலெய்டா கைப்பையில் எதையோ தேடத் தொடங்கி, தேடிக்கொண்டே இருந்தார். தன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நல்ல மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு அவமானப்படுகிறார்கள், எல்லாம் தெரிந்துதான் இருக்கிறார்கள் என்று ஹார்மெனுக்குத் தோன்றியது. அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை.

"ஒரு கார் எங்கேன்னு எனக்குத் தெரியும்" என்று எழுந்தார். "செடிக் கடை வாசல்ல நிக்குது. என்னோடது. மின்சாரக் கார்."

அலெய்டாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"கம்பம் கேட்டது நான். அதை எதிர்த்து எழுதினதும் நான்தான். ஒரு படிவத்துல குறி போட்டேன், அப்புறம் சொல்லத் தைரியம் வரலை. ஆம்புலன்ஸ் அங்க நின்னது உண்மை. ஆனா அதை நான் இதுக்கு எழுதியிருக்கக் கூடாது. ஹன்னி இருந்திருந்தா என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டா." மூச்சு வாங்கினார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "டாக்டர் நடக்கச் சொல்லலை. போன்ல வந்தது சாப்பாட்டுச் செய்தி இல்லை, கார் அனுப்பினது. எனக்குப் பட்டாணி சூப் பிடிக்கும்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உங்க விண்ணப்பத்தை வாபஸ் வாங்கறீங்களா?" என்று கேட்டார்.

"வாங்கறேன்."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "தாராளமா வாங்கலாம். ஆனா அதனால எதுவும் மாறாது."

அரசாங்கம் என்றால் அப்படித்தான் என்று ஹார்மென் நினைத்தார்.

"வேற யாராவது ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" தலைவியின் பார்வை வரிசையின் மேல் மெதுவாக நகர்ந்தது. ரீனஸ் வாயைத் திறந்தார், மூடினார். 

வெளியே நடையில், கோட்டு மாட்டும் இடத்தில் நால்வரும் நின்றார்கள். மற்ற மூவரும் ஹார்மெனைப் பார்க்கவில்லை. அலெய்டா கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடியும் மாற்றியே போட்டார். காதுவரை சிவந்திருந்தார். இந்த அம்மாளுக்கு இவ்வளவு கோபம் வந்து ஹார்மென் பார்த்ததில்லை.

"உன் கிண்ணம் ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றார் ஹார்மென் மெதுவாக. "கழுவி வாசல்ல வச்சிடறேன். மணி அடிக்க மாட்டேன்."

 ராம்தின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். இனி சனிக்கிழமை கால்பந்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி ஹார்மென் கோட்டின் கையைத் தேடினார்.

கதவருகே இருந்த இளம்பெண் நான்கு தடித்த உறைகளோடு ஓடிவந்து, ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்தாள்.

"கம்பம் வேணும்னு விண்ணப்பிச்சவங்களுக்கு ஒரு கடிதம், வேண்டாம்னு எழுதினவங்களுக்கு ஒரு கடிதம்னு தனித்தனியாத்தான் தரணும்; உங்க நாலு பேர் முகவரியும் ரெண்டு பட்டியல்லயும் இருந்துச்சு, எதுக்கு வீணா எட்டுக் கவர்னு ஒண்ணாவே போட்டுட்டேன்."